மாமனாரைப் பற்றி மூன்று பக்கம், கணவரைப் பற்றி ஒரு வரி

பினாங்கு, பாயான் பாருவில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 41 வயது, ஆசிரியை. கணவருக்குத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் வேலை. 13 வயதில் மகள், 8 வயதில் மகன்; மகனுக்குச் சின்ன வயதில் இருந்தே இளைப்பு உண்டு. மாமனாருக்கு 71. இருபது வருடமாக இனிப்புநீர், காலை மாலை இரண்டு வேளை இன்சுலின். 14 மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாமியாருக்கு 66, முழங்கால் வலி, காரில் ஏறினால் வாந்தி.

டிசம்பர் விடுமுறையில் ஆறு பேரும் ஒரே காரில் மூன்று நாள் சுற்றுகிறார்கள். வெள்ளி இரவு 11 மணிக்குப் பினாங்கில் கிளம்பி, பாலிங், கெரிக் வழியாக விடிவதற்குள் பாண்டிங். காலையில் தெமெங்கோர் ஏரியில் படகு. மதியம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைத் தாண்டி ஜெலி, டாபோங். அங்கே ஜெலாவாங் நீர்வீழ்ச்சியில் குளியல். இரவு குவா மூசாங். ஞாயிறு லோஜிங் வழியாகக் கேமரன் மலை. திங்கள் தாப்பா பக்கம் இறங்கி, லாத்தா இஸ்கந்தாரில் இன்னொரு குளியல், ராத்திரிக்குள் வீடு. திட்டம் போட்டது கணவர். ஆசை மாமனாருடையது. எழுபதுகளில் அந்த நெடுஞ்சாலை போட்டபோது கல் ஏற்றிய லாரி ஓட்டியவராம் அவர், "கண்ணு நல்லா இருக்கும்போதே ஒருதரம் பார்த்துடணும்" என்கிறாராம்.

சகோதரி கேட்டிருப்பவை: மலை உயரம் மாமாவின் இதயத்துக்கு ஆகுமா? இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்தால் போதுமா? எல்லோருக்கும் வாந்தி மாத்திரை கொடுத்துவிடலாமா? வழியில் அடிக்கடி நிறுத்த வேண்டாம் என்று மாமா அந்த மூன்று நாளும் நீர் மாத்திரையை விட்டுவிடப் போகிறேன் என்கிறார், சரியா? மலையில் மூலிகை வேரெல்லாம் தொட்டு வரும் தண்ணீர், அதில் குளித்தால் சீனி இறங்கும், கால் எரிச்சல் போகும் என்று அவர் நம்புவது உண்மையா?

மூன்று பக்கத்துக்கு இதெல்லாம். நடுவில் ஒரு வரி, பேச்சுவாக்கில்: "ஓட்டுவது என் கணவர்தான், வியாழன் இரவு ஷிப்ட் முடித்து வந்து வெள்ளி பகலில் கொஞ்சம் தூங்கிவிட்டால் அவருக்குப் பழக்கம்தான், பிள்ளைகளும் பின்னால் மெத்தை போட்டுத் தூங்கிக்கொண்டே வருவார்கள்."

சகோதரி, நான் அந்த ஒரு வரியில் இருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். உங்கள் காரில் போகிற ஆறு பேரில் எனக்கு அதிகக் கவலை தருகிற நோயாளி உங்கள் மாமா இல்லை.

பழக்கம் என்பது தூக்கத்துக்கு ஈடாகாது

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி காலை 7 மணிக்கு ஷிப்ட் முடியும். வீட்டுக்கு வந்து, குளித்து, பசியாறி, படுக்க 9 ஆகிவிடும். பகல் தூக்கம் பெரும்பாலும் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நீளாது, அதுவும் விடுமுறையில் இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில். மதியம் இரண்டு மணிக்கு எழுந்தவர் சாமான் கட்டி, காருக்குக் காற்றடித்து, இரவு 11க்கு ஸ்டியரிங்கில் உட்காருகிறார். பாலிங் தாண்டி இருட்டு ரோட்டில் போகிறபோது மணி ஒன்று, ஒன்றரை. கெரிக்கில் இருந்து காட்டுக்குள் நுழைகிறபோது இரண்டு, மூன்று. உடம்பின் கடிகாரம் 'படு' என்று மிக அழுத்தமாகச் சொல்கிற நேரம் அது. ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கும் அந்த நேரம் அப்படித்தான். தொழிற்சாலையில் விளக்கும் இரைச்சலும் பக்கத்தில் நாலு பேரும் இருப்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடும் என்பது பல முறை சோதித்துப் பார்த்த விஷயம். மலேசியாவில் வாகனமோட்டிக்குச் சட்டம் அனுமதிக்கிற எல்லையே அதுதான். 2020ல் 80 மில்லிகிராமில் இருந்து 50க்கு இறக்கினார்கள். உங்கள் கணவர் குடித்துவிட்டு ஓட்டினால் காரில் ஏறுவீர்களா? ஏற மாட்டீர்கள். கண் திறந்திருக்கும்போதே மூளை மூன்று நாலு விநாடி அணைந்துவிடுவது உண்டு, ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 25 மீட்டர். நாலு விநாடியில் ஒரு பந்துத் திடல் நீளம் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி.

அதோடு கெரிக்கில் இருந்து போகிற அந்தச் சாலையில் இருட்டினால் யானை இறங்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். கருத்த யானை, தார் ரோடு, தெருவிளக்கு கிடையாது. கிட்டே போகிறவரை கண்ணில் படாது. விடிகாலையில் பனிமூட்டம். பல இடங்களில் கைத்தொலைபேசிக்கு லைன் கிடைக்காது.

ஜாமுக்குப் பயந்து இரவில் கிளம்புவதை நாம் ஏதோ சாமர்த்தியம் மாதிரிப் பேசுகிறோம். ஜாமில் மாட்டினால் இரண்டு மணி நேரம் போகும். அவ்வளவுதான் போகும்.

இன்னொன்று. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் "அவர் குறட்டைச் சத்தத்தில் ஓட்டலில் ஒரே அறை எடுக்க முடியாது" என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள், டிவி முன் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார் என்றும். நான் சிரிக்கவில்லை. ஓரிரவு பக்கத்தில் விழித்திருந்து கவனியுங்கள்: குறட்டை திடீரென்று நின்று, மூச்சே இல்லாத மாதிரி பத்துப் பதினைந்து விநாடி இருந்து, அப்புறம் திணறிக்கொண்டு இழுக்கிறாரா? இழுத்தால் அது தூக்கத்தில் மூச்சு அடைக்கிற நோய். எத்தனை மணி நேரம் படுத்தாலும் அவர் தூங்கியிருக்க மாட்டார். கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு, பயணத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் காட்டுங்கள். சிகிச்சை இருக்கிறது. அது தெரிகிறவரை நீண்ட தூரம் தனியாக ஓட்ட வேண்டாம்.

சரி, யார் ஓட்டுவது? நீங்கள். தினமும் பள்ளிக்கு காரில் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், லைசென்ஸ் வாங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறதாம். 'ஹைவேயில் எல்லாம் அவர் ஓட்டினால்தான் எல்லோருக்கும் நிம்மதி' என்கிற பேச்சு நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. தூங்கி எழுந்த நீங்கள், தூங்காத அவரைவிடப் பாதுகாப்பான ஓட்டுநர், இதில் ஆண் பெண் கணக்கே கிடையாது. பகலில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி ஓட்டுங்கள். அவருக்குக் கூடுதலாக ஒரு நாள் லீவு எடுக்கச் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்து முழுசாக ஒரு இரவு படுத்து எழுந்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். வழியில் கண் சொக்கினால் காற்று வாங்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஒன்றுக்கும் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பி குடித்து, உடனே இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் கோப்பி வேலை செய்ய ஆரம்பிக்கிற நேரத்தில் எழுந்துவிடலாம்.

அந்த மெத்தை: வேண்டவே வேண்டாம். பின் இருக்கைக்கும் பெல்ட் 2009ல் இருந்தே கட்டாயம். 136 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்கு 2020ல் இருந்து தனி இருக்கை விதியும் இருக்கிறது, மகனை ஒருமுறை சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள். படுத்திருக்கிற பிள்ளை, சடன் பிரேக் போட்டால் பறக்கிற பொருள்.

டிசம்பர், பினாங்குக்கு ஒன்று, கிளந்தானுக்கு வேறொன்று

"டிசம்பரில் இங்கே மழை குறைந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பினாங்குக்கு அது சரி, இங்கே செப்டம்பர் அக்டோபரில்தான் கொட்டித் தீர்க்கும். ஆனால் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். நவம்பரில் தொடங்குகிற வடகிழக்குப் பருவமழை, டிசம்பரில்தான் கிளந்தானில் உச்சத்தில் இருக்கும். 2014 டிசம்பரில் கோலக் கிராய், டாபோங், குவா மூசாங் எல்லாம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் திட்டத்தின் நடுப்பகுதி அப்படியே அந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது. மலைச் சரிவு விழுந்து சாலை அடைத்தால், இன்சுலின் போடுகிற ஒருவரோடு நடு ரோட்டில் எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள்?

ஜெலாவாங் பார்க்க வேண்டிய இடம்தான், சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருந்து பாறையில் வழிந்து இறங்குகிறது, நான் மறுக்கவில்லை. அதை ஜூன், ஜூலைக்குத் தள்ளிவையுங்கள். டிசம்பரில்தான் போக முடியும் என்றால் மலையின் இந்தப் பக்கத்திலேயே ஏரி, நீர்வீழ்ச்சி, மலை மூன்றும் இருக்கின்றன. மாமாவுக்கும் குறை வராது: கெரிக்கில் இருந்து பாண்டிங் வரை போகிற நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டரும் அவர் கல் ஏற்றிய அதே சாலைதான், 1982ல் திறந்தது. பாண்டிங் பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமும் ஏரி, தண்ணீருக்குள் இன்னும் நிற்கிற பட்ட மரங்கள்.

குளிக்கிற தண்ணீர்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கெடாவில் ஒரு லாத்தாவுக்கு, அதாவது அருவிக்கு, குடும்பத்தோடு போயிருந்தோம். மேலே வெயில், பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில். பாறையில் உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த நான் தற்செயலாகப் பார்க்கிறேன், கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் ஓரத்தில் தே தாரிக் நிறத்துக்கு மாறுகிறது. இரண்டு மூன்று காய்ந்த இலை, அப்புறம் ஒரு குச்சி. பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் "நாயெக், நாயெக்!" என்று கத்தினார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேலே ஏறினோம். ஐந்து நிமிடம்கூட இருக்காது, நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை காணவில்லை. என் செருப்பும் ரொட்டிப் பையும் போனது போனதுதான்.

இதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் மழை வேண்டியதில்லை, மேலே மலையில் பெய்தால் போதும். தண்ணீர் கலங்குவது, இலை சுள்ளி மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது: இதில் ஒன்றைப் பார்த்தாலும் சாமானை எடுக்க நிற்காமல், நீரோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். மலைப்பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும், அதனால் குளியல் காலையில், முந்தின இரவு மழை இல்லாத நாளில் மட்டும். ஆற்றோரக் கூடாரம் வேண்டாம், சரிவுக்குக் கீழே கூடாரமும் வேண்டாம். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாமில் மண்சரிந்து 31 பேர் இறந்தது நடுநிசியில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது.

மூலிகைத் தண்ணீர் விஷயம் மாமாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். குளித்தால் உடம்பு குளிரும், மனசு லேசாகும், அது நிஜம். சீனி இறங்காது. கால் எரிச்சல் நரம்பு தேய்ந்ததால் வருவது, அதே நரம்புத் தேய்மானத்தால்தான் பாறை கீறினாலும் அவருக்கு வலி தெரியாது. காட்டுத் தண்ணீரில் எலியின் மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் வரும், நம் ஊரில் கென்சிங் தீக்குஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதைவிட இனிப்புநீர்க்காரர்கள் பயப்பட வேண்டிய இன்னொன்று மெலியோய்டோசிஸ், மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கிற கிருமி, கீறல் வழியாக உள்ளே போகும். 2010ல் பகாங்கில் லூபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களில் சிலருக்கு இந்த இரண்டு நோயும் வந்து உயிர்கூடப் போனது.

அதனால் மாமா முங்கிக் குளிக்க வேண்டாம். மூடிய ஷூவோடு வந்து, காய்ந்த பாறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். காலில் புண், கீறல் இருந்தால் தண்ணீர் பக்கமே வேண்டாம். இரவில் அவர் பாதத்தையும் விரல் இடுக்கையும் மகளை விட்டு டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பேத்தி சொன்னால் மறுக்க மாட்டார். வீட்டுக்கு வந்து மூன்று நாலு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாக "நீர்வீழ்ச்சியில் குளித்தோம்" என்று சொல்லுங்கள். பலர் அதைச் சொல்வதே இல்லை, டாக்டர்களான நாங்களும் டெங்கி என்று தேடிக்கொண்டிருப்போம்.

மாமாவின் மருந்துப் பை

கேமரன் உயரத்தைப் பற்றிய பயத்தை விடலாம். தானா ராத்தா 1,500 மீட்டருக்குச் சற்றுக் கீழே, குனோங் பிரிஞ்சாங் உச்சியே 2,000 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். உயரத்தால் வருகிற நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். அவர் இப்போது இரண்டு மாடிப்படி நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லாமல் ஏறுகிறாரா என்பதுதான் என் கேள்வி. ஏறுகிறார் என்றால் போகலாம், இருந்தாலும் கிளம்புவதற்கு முன் இதய டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விடிகாலைக் குளிரில் வெறும் வயிற்றோடு மேட்டில் நடக்க மட்டும் விடாதீர்கள்.

நீர் மாத்திரையை நிறுத்துவது தப்பு. மூன்று நாள் விட்டால் காலில் நீர் கோத்து, நாலாவது நாள் மூச்சு வாங்கி வந்து நிற்பார். ஆனால் அவர் சங்கடம் நியாயமானது, எழுபது வயது மனிதர் மருமகளிடம் அடிக்கடி "நிறுத்து" என்று சொல்லக் கூச்சப்படுவார். பயண நாளில் காலை மாத்திரையைப் போய்ச் சேர்ந்த பிறகு, மதியத்துக்கு மேல் போடலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காரை நிறுத்தி எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. அது எல்லோருக்குமான விதி என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கூச்சம் இராது.

இன்சுலினை ஐஸில் வைக்காதீர்கள். சென்ற வருடம் ஒருவர் என் மேஜையில் இன்சுலின் பேனாவை வைத்து "மூணு நாளா ஊசி போடறேன், சீனி 20க்குக் குறையல" என்றார். பேனாவை உருட்டிப் பார்த்தேன். பால் மாதிரி கலங்க வேண்டியது, கண்ணாடிச் சுவரில் அரிசிக் குருணை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. ஐஸ் பாக்கெட்டை ஒட்டி வைத்திருந்திருக்கிறார், உறைந்து செத்துப்போன மருந்து. பயன்பாட்டில் இருக்கிற பேனா 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை தாங்கும் (உங்கள் மருந்தின் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், வகைக்கு வகை மாறும்). ஐஸுக்கும் பேனாவுக்கும் நடுவில் துண்டு சுற்றி, பையை ஏசி ஓடுகிற இடத்தில் வைத்து, சாப்பிட இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். வெயிலில் மூடி நிறுத்திய கார் அடுப்பு. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும், மகனின் இளைப்பு மருந்தும் அதே பையில்தான்.

அதைவிட முக்கியம், ஊசி எப்போது? வீட்டில் போடுகிற ஆறரை மணிக்கே போட்டுவிட்டு, "வழியில் பசியாறலாம்" என்று கிளம்பி, கடை திறக்காமல், அடுத்த ஊர் அடுத்த ஊர் என்று போய், ஒன்பது மணிக்கு வியர்த்துக் குழறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு மேஜைக்கு வந்த பிறகு ஊசி. சீனியைச் சோதித்துப் பார்த்து 4க்குக் கீழே (mmol/L கணக்கில்) இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதனை, அப்புறம் ரொட்டி. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999.

வாந்தி மாத்திரை அத்தைக்கும், தேவைப்பட்டால் பிள்ளைகளுக்கும், மருந்தகத்தில் வயது சொல்லி வாங்கி, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் தொடவே கூடாது, தூக்கம் வரும். மாமாவுக்கும் வேண்டாம்: புரோஸ்டேட் வீக்கம் இருக்கிற வயதில் அந்த மாத்திரை மூத்திரத்தை அடைத்துவிடும். அத்தையை முன் இருக்கையில் உட்கார வைத்தாலே பாதி வாந்தி நின்றுவிடும், தொலைவில் சாலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும், புளிச்சாதப் பாத்திரத்தை மடியில் வைத்துக் குனிந்துகொண்டு வராமல்.

அட்டை கடித்தால் நெருப்பு வைக்க வேண்டாம், நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் போதும். மாமா இரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுவதால் நீண்ட நேரம் கசியும், பயப்படாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த மாத்திரைகளை யார் சொன்னாலும் பயணத்துக்காக நிறுத்தக் கூடாது.

நான் போட்டுத் தருகிற வழி

முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். கூலிம், பாலிங் வழியாக மதியச் சாப்பாடு கெரிக்கில், பெட்ரோல் அங்கேயே நிரப்பிக்கொண்டு மூன்று மணிக்குள் பாண்டிங். இருட்டிய பிறகு கார் அசையக் கூடாது. மறுநாள் முழுக்க ஏரி. ராயல் பெலும் காட்டுப் பூங்காவுக்குள் போக முன்னதாகவே அனுமதிச் சீட்டு வேண்டும், படகுக்காரரிடம் சொன்னால் எடுத்துத் தருவார். மலேசியாவில் இருக்கிற 10 வகை இருவாச்சிகளும் இந்தக் காட்டில் உண்டு, பிள்ளைகளிடம் ஒரு தூரநோக்கி கொடுத்துவிடுங்கள். உயிர்காப்பு அங்கி ஆறு பேருக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும்.

மூன்றாம் நாள் பனி விலகிய பிறகு கெரிக் வழியாகத் திரும்பி லெங்கோங். காலையில் மழை இல்லை என்றால் பிள்ளைகளுக்கு லாத்தா கெகாபுவில் குளியல், பெரியவர்களுக்கு ராபான் ஏரிக்கரையில் நிழல். அங்கே உப்புப் போட்டுப் புளிக்க வைத்த மீன் பெக்காசாம் பிரபலம், மாமா பார்க்கலாம், அவ்வளவு உப்பு அவர் இதயத்துக்கு ஆகாது. இரவு ஈப்போ, இதய மருத்துவமும் உள்ள பெரிய அரசு மருத்துவமனை அங்கே இருப்பது எனக்கும் நிம்மதி. நாலாம் நாள் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன், தாப்பா வழியை விட அகலமான சாலை, வளைவு குறைவு, அத்தைக்கு அதுதான் தோது. ஐந்தாம் நாள் அதே வழியில் இறங்கி வீடு. லாத்தா இஸ்கந்தாரை விட்டுவிட்டேன் என்று பிள்ளைகள் கோபித்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டையும் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அறிக்கையையும் படம் எடுத்து இரண்டு கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கெரிக்கிலும் தானா ராத்தாவிலும் அரசு மருத்துவமனை உண்டு. அங்கே உங்கள் மாமாவை யாருக்கும் தெரியாது, அந்தப் படம்தான் பேசும்.

கடைசியாக, ஐந்து லிட்டர் தோம்பில் நீர்வீழ்ச்சித் தண்ணீர் பிடித்து வந்து தினம் ஒரு டம்ளர் குடிக்கப் போவதாக மாமா சொன்னாரே. பிடிக்கட்டும், தடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.